வெட்டு மெஷினுக்காக வாங்கிய சூட்டு மெஷின்

போர்டில் ஐசி மாற்றுகிறவருக்கு இரண்டே பயம்தான்: ஒன்று சூடு போதாமல் போவது, மற்றது சூடு கூடிப் போவது. இரண்டுக்கும் நடுவில் சில விநாடிகள் இருக்கின்றன. அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் வாடிக்கையாளர் நம்மிடம் வருகிறார். இதே வேலையில் இருந்து விரல் நுனி காய்த்துப்போன உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. இப்போதைய போர்டுகளில் ஐசி என்கிற கறுப்புச் சதுரங்கள் துளைக்குள் கால் விட்டு நிற்பதில்லை, மேற்பரப்பிலேயே ஈயத்தால் ஒட்டியிருக்கின்றன. ஒன்றைக் கழற்ற வேண்டுமென்றால் அதன் எல்லாக் கால்களிலும் ஈயம் ஒரே நேரத்தில் உருக வேண்டும். அதற்குச் சூட்டுக் காற்று ஊதித் தருகிற கருவிதான் ரீவேர்க் ஸ்டேசன்.

எங்கள் கடை புளியந்தீவில், வாவிக் காற்றுப் படுகிற ஒரு தெருவில் இருக்கிறது. கடை நேசன் அண்ணனுடையது. போன் வேலையை விமல் பார்க்கிறான். போன் தவிர்ந்த மற்றவை, அதாவது இன்வேட்டர், தையல் மெஷின், குளிர்சாதனப் பெட்டியின் போர்ட் எல்லாம் என் மேசைக்கு வரும். நான் கம்பஸில் தொழில்நுட்பம் படித்து முடித்துவிட்டு, அரசாங்க வேலைக்கான கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற காலத்தில் இங்கே வந்தவள். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் மேசையில் ஒரு சின்ன ஆணி காணாமல் போனாலும் அது பட்டப்படிப்பின் குற்றமாகிவிடுமோ என்று பயப்படுகிற சுபாவம் எனக்கு.

இனி வருவதில் முதல் துண்டு நான் கண்ணால் கண்டதல்ல. அது வட்டையில், அதாவது வயல்வெளியில் நடந்தது. வெட்டு மெஷின்காரர் கடைக்கு வந்து சொன்னதைத்தான் சொல்கிறேன். அதிலும் பாதி அவருடைய டிரைவர் அவருக்குச் சொன்னது. மற்றவை எல்லாம் என் முன்னால் நடந்தவை.

சொந்தக்காரர் வயல் கடைசி

வாவிக்கு அங்கால, படுவான்கரையில் தங்கராசா மாமாவுக்கு ஒரு வெட்டு மெஷின் இருக்கிறது. வயலுக்குள் இறங்கினால் நெல்லை வெட்டி, அடித்து, தூற்றி, மணியாகக் கொட்டுகிற பெரிய மெஷின். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் அந்த வட்டையில் உள்ளவர்களுக்கெல்லாம் அவர்தான் வெட்டிக் கொடுப்பார். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெளியாளின் வயலை முதலில் வெட்டுவது, சொந்தக்காரர் வயலைக் கடைசிக்கு விடுவது. வெளியாளைக் காக்க வைத்தால் அடுத்த போகத்துக்கு வேறு மெஷினைப் பிடித்துவிடுவார். சொந்தக்காரர் எங்கே போவார்? அப்படித்தான் அவருடைய தங்கச்சி பூமணியின் வயல் கடைசியாக நின்றது.

பூமணியின் வயலுக்குள் மெஷின் இறங்கிய அன்று, ஓரமாக ஒரு கீற்று வெட்டியதும் வெட்டுப் பகுதி கீழேயே நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, தூக்கினால் எழும்பவில்லை, இறக்கினால் இறங்கவில்லை. மெக்கானிக் வந்து வயர்களையெல்லாம் பார்த்துவிட்டு, கோளாறு போர்டில்தான் என்று கழற்றிக் கையில் கொடுத்தார். புதுப் போர்ட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதற்குள் கதிர் முற்றிக் கொட்டிவிடும். சுற்றுவட்டார மெஷின்கள் எல்லாம் வேறு வேறு வட்டைகளுக்குக் கூலி பேசிப் போய்விட்டன. மழையும் வரும் என்று கதைத்தார்கள். சாய்ந்த கதிரில் மழை விழுந்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, சாரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த போர்டை அவர் என் மேசையில் வைத்தார். தங்கச்சி ஏசினாரா என்று நேசன் அண்ணன் ஆறுதலாகக் கேட்டார். தங்கராசா மாமா சொன்னது இது:

"ஏசினா நான் இஞ்ச வந்திருக்க மாட்டன் தம்பி. அவ பேசாம இரிக்கா."

பழைய புளோவர்

அந்தப் போர்ட் சாப்பாட்டுத் தட்டின் அளவு இருந்தது. தடிப்பானது, உள்ளே செம்பு நிறைந்தது, ஈரம் படாமல் இருக்க மேலே வார்னிஷ் போல ஒரு பூச்சு. மீட்டர் வைத்துத் தேடியதில், வெட்டுப் பகுதியைத் தூக்கி இறக்குகிற வால்வுக்கு மின்சாரம் கொடுக்கிற ஐசி எரிந்திருந்தது தெரிந்தது. புரோகிராம் எதுவும் தேவைப்படாத சாதாரண ஐசி, கொழும்பில் கிடைக்கும். கண்டுபிடித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அது நிறைய நேரம் நிற்கவில்லை. அந்த ஐசிக்கு நான்கு பக்கமும் கால்கள் இருந்தது மட்டுமல்ல, அடிவயிறும் ஈயத்தால் போர்டின் செம்போடு ஒட்டியிருந்தது.

எங்களிடம் இருந்தது சூட்டுக் காற்று ஊதுகிற ஒரு பழைய புளோவர். அதில் சூடு எவ்வளவு என்று காட்டுகிற திரை கிடையாது, திருகுகிற ஒரு குமிழ் மட்டும். போன் போர்டுக்கு அது போதும். இந்தப் போர்டில் நான் ஊதிய சூட்டையெல்லாம் உள்ளே இருந்த செம்பு குடித்துக்கொண்டே இருந்தது. ஈயம் இலகுவாக உருகப் பூசுகிற பிளக்ஸ் புகைந்தது, பூச்சு குமிழி விட்டது, ஐசி அசையவில்லை. கூட்டு, இன்னும் கூட்டு என்று விமல் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். ஐசியைச் சுற்றிப் பச்சை நிறம் மண்ணிறமாக மாறத் தொடங்கியதைக் கண்டு நான் புளோவரை வைத்துவிட்டேன். இதற்கு மேல் ஊதினால் ஐசி கழல்வதற்கு முதல் போர்ட் செத்துப்போகும் என்று தங்கராசா மாமாவுக்கு முன்னாலேயே சொன்னேன். அப்படிச் சொல்வது கடைக்கு நல்லதல்ல என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்தால் எனக்கு நித்திரை வராது என்பதும் தெரியும்.

புது ஸ்டேசன் வாங்க வேண்டும் என்று நேசன் அண்ணன் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இப்போது அதைத் தள்ளிப்போட வழியில்லை. கொஞ்ச நேரம் போர்டைப் பார்த்தார், பிறகு தங்கராசா மாமாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீதானே கம்பஸ் படிச்ச பிள்ள. எத வாங்கிற எண்டு நீ சொல்லு, நான் வாங்கிறன்."

ரொட்டித் தட்டு

ஒரு பொருளைத் தெரிவு செய்கிற பொறுப்பை உங்களிடம் தந்துவிட்டால், அதே நிமிடத்திலிருந்து எல்லாரும் உங்களுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்குவார்கள். இதை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். நேசன் அண்ணனுக்குப் பெரிய எண் பிடிக்கும். எது அதிக சூட்டுக்குப் போகுமோ அதுவே நல்ல மெஷின் என்பது அவருடைய கணக்கு. விமலுக்கு வேகம் பிடிக்கும். கைப்பிடிக்குள்ளேயே விசிறி உள்ளது, பட்டனை அழுத்தியதும் நொடியில் சூடேறுவது, மூன்று விதச் சூட்டை நினைவில் வைத்திருப்பது என்று அவன் வீடியோ வீடியோவாகக் காட்டினான். அவன் சொன்னதும் பிழையில்லை. நாள் முழுக்கப் போன் திருத்துகிறவனுக்கு அதுதான் தேவை.

நான் கேட்டது வேறு. மேலிருந்து ஊதுகிற சூடு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, போர்டைக் கீழிருந்து மெதுவாகச் சூடாக்குகிற தட்டு ஒன்று கூட வர வேண்டும். போர்ட் முழுக்க முதலே சூடாகி இருந்தால் செம்பு குடிப்பதற்கு ஒன்றும் மிச்சம் இராது. பிறகு ஐசிக்கு மேலிருந்து கொஞ்சம் ஊதினால் போதும். அத்தோடு, சூடாக்குகிற கம்பி எரிந்தால் மாற்றுவதற்கு இலங்கையில் கிடைக்க வேண்டும், நிலவயர் உள்ள மூன்று முள் பிளக் இருக்க வேண்டும். நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும், கீழே தட்டு இருக்கிற அந்தப் படத்தை விமல் பெரிதாக்கிப் பார்த்தான்.

"உன்ன ஸ்டேசன் பாக்கச் சொன்னா, நீ ரொட்டி சுடுற தட்டுப் பாத்து வைச்சிருக்கிற."

வீட்டில் கேட்ட கேள்வி

அன்று பின்னேரம் தன்னாமுனைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். அரசாங்கக் கடிதம் வந்ததா என்று அவர் கேட்பதும், இல்லை என்று நான் சொல்வதும் எங்கள் வீட்டில் விளக்குப் போடுவதுபோல ஒரு பின்னேர வேலை. அன்று அதற்குப் பதிலாக ஸ்டேசன் கதையைச் சொன்னேன். பூமணி என்கிற முகம் தெரியாத பெண்ணின் நெல் நிற்கிறது என்றும், மெஷினை நான்தான் தெரிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னேன். அம்மாவுக்கு ஐசி விளங்கவில்லை, தட்டு விளங்கவில்லை. வயலில் நிற்கிற நெல் உடனே விளங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு மாதா படத்தை ஒருமுறை பார்த்தார்.

நல்லது நடக்கும் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அம்மாவும் என்னைப்போலத்தான், அல்லது நான்தான் அம்மாவைப்போல.

"அந்த மெஷின் சரிவராட்டி, வாங்கின ஆளின்ட பேர் வராது மனே. தெரிஞ்செடுத்த ஆளின்ட பேர்தான் வரும்."

கதவைக் கழற்றிக்கொண்டு போனது

கொழும்பில் அந்தக் கடைக்கு நேசன் அண்ணனும் நானும் போனோம். குளிரூட்டிய கடை. விற்பனையாளர் மிகவும் மரியாதையான இளைஞர். பெரிய எண் காட்டுகிற ஸ்டேசனை முதலில் எடுத்து வைத்து, ஒரு பழைய போன் போர்டிலிருந்து ஐசியைக் கண் இமைக்கும் நேரத்தில் தூக்கிக் காட்டினார். நேசன் அண்ணன் என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பதுபோலத் தலையை ஆட்டினார். நான் பையைத் திறந்து, துவாய்க்குள் சுற்றியிருந்த ஒரு போர்டை வெளியே எடுத்தேன். ஏதோ தொழிற்சாலை மெஷினிலிருந்து கழித்து எறிந்தது, எங்கள் கடை மூலையில் கிடந்தது. தடிப்பிலும் செம்பிலும் தங்கராசா மாமாவின் போர்டுக்கு அண்ணன் தம்பி என்று சொல்லலாம். இதில் ஒன்றைக் கழற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போது காது சுட்டது. சந்தேகப்படுகிறேன் என்று நினைப்பாரே என்ற கூச்சம்.

அவர் பெரிய எண்ணை இன்னும் பெரிதாக்கினார். போர்ட் கறுத்தது, ஐசி அசையவில்லை. போர்ட் பழையது அதனால்தான் என்றார். பிறகு தட்டு உள்ள ஸ்டேசனில் வைக்கச் சொன்னேன். தட்டு சூடேறுவதற்குள் அவர் தன்னுடைய போனில் இரண்டு பேருடன் கதைத்து முடித்தார். நேசன் அண்ணன் கடையில் இருந்த எல்லாச் சாமான்களையும் பார்த்து முடித்தார். அந்தத் தாமதம் முழுக்க என்னுடைய குற்றம் போல நான் நின்றேன். பிறகு மேலிருந்து கொஞ்சம் ஊதியதும், சாவணம் என்கிற சின்ன இடுக்கியால் தொட்ட ஐசி, தண்ணீரில் மிதக்கிற இலை மாதிரி நகர்ந்து வந்தது. எனக்கு மூச்சு வந்தது. கம்பி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, ஒன்றை வாங்கியும் வைத்துக்கொண்டேன். ஐசியும் அங்கேயே கிடைத்தது. பில் எழுதும்போது விற்பனையாளர் என் போர்டைத் துவாயோடு திருப்பித் தந்தார்.

"பூட்டு வாங்க வாறவங்க திறப்பப் போட்டுத்தான் பாப்பாங்க மிஸ். நீங்க கதவையே கழட்டிக்கொண்டு வந்திருக்கீங்க."

பூமாலை

புது மெஷின் வந்தால் எங்கள் கடையில் அதை உடனே போடுவதில்லை. நேசன் அண்ணன் ராகு காலம் கழியும்வரை பெட்டியைத் திறக்கவே விடவில்லை. பிறகு பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, சாம்பிராணி காட்டி, சந்தனப் பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை ஒன்றைப் போட்டார். நான் வேதக்காரப் பிள்ளை என்றாலும் அந்தப் பொட்டு திரையில் படாமல் வைக்கச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் சுவிட்சைப் போட்டார். திரையில் எண் ஏறியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையில் ஸ்டேசன் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடி போட்டார், மறுபடி கத்தி அணைந்தது. விமல் தன் மேசைக்குத் திரும்பிப் போனான். நேசன் அண்ணன் என்னைப் பார்க்காமல் பிள்ளையாரைப் பார்த்தார்.

கையேட்டைப் புரட்டினேன், பிளக்கைப் பார்த்தேன். கடைசியில் ஸ்டேசனைத் திருப்பிப் பார்த்தால், அது காற்று இழுக்கிற பின்பக்கத்து ஓட்டைகளை மூடிக்கொண்டு மாலை தடிப்பாகத் தொங்கியது. மூச்சு விட வழியில்லாமல் உள்ளே சூடேறித் தன்னைத்தானே நிறுத்தியிருக்கிறது. பாதுகாப்பு வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட வேண்டிய விசயம். மாலையைக் கழற்ற எனக்குத் துணிவில்லை, விளக்கத்தை மட்டும் சொன்னேன். நேசன் அண்ணனே மாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டார்.

"சரி, பிள்ளையார் கொஞ்சம் தள்ளி நிண்டே பாத்துக்கொள்ளட்டும்."

வந்தவருக்குக் காற்று

அன்று மத்தியானம் கடை பூட்டியிருந்த நேரத்தில் கழிவுப் போர்டுகளில் பழகிப் பார்த்தேன். தட்டை எவ்வளவுக்கு வைப்பது, மேல் காற்றை எவ்வளவுக்கு வைப்பது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். வைத்த ஒவ்வொரு ஐசியும் சொன்ன நேரத்தில் கழன்றது. அடுத்த நாள் காலை தங்கராசா மாமா வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. வாவிக்கு மேலே மேகம் கட்டியிருந்தது, கடைக்குள் புழுக்கம் தாங்க முடியவில்லை. தங்கச்சி இன்னும் கதைக்கவில்லையாம். அவருடைய வீட்டுக்காரி போய்க் கேட்டதற்கு, வெளியாக்களின் வயலெல்லாம் முடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டாராம்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. கடையில் இருக்கிற மின்விசிறி வாடிக்கையாளருக்கு உரியது. ஆள் இல்லையென்றால் அது ஓடாது, நாங்கள் வேர்த்துக்கொண்டு வேலை செய்வோம். ஆள் வந்தால் நேசன் அண்ணன் முதலில் செய்வது அதைப் போட்டு அவர் பக்கம் திருப்பி வைப்பது. வந்தவரை வேர்க்க விடக் கூடாது, அது மரியாதை. அன்றும் அப்படித்தான், தங்கராசா மாமாவைக் கதிரையில் இருத்தி, மின்விசிறியைத் திருப்பி, பிளேன்டீ கொடுத்தார். கதிரைக்கு நேர் பின்னால் என் மேசை.

தட்டில் போர்டை வைத்துச் சூடேறக் காத்திருந்தேன். பிளக்ஸ் போட்டு மேலிருந்து ஊதத் தொடங்கினேன். பழகியபோது கழன்ற நேரம் வந்தது, ஐசி கழலவில்லை. அந்த நேரம் தாண்டிப் போனது, கழலவில்லை. திரையில் எண் நான் வைத்த எண்ணேதான். கூட்டு என்று விமல் மெல்லச் சொன்னான். கொஞ்சம் கூட்டினேன். பிளக்ஸ் காய்ந்து கருகிய வாசம் வந்தது. போன முறை மண்ணிறமான இடம் இன்னும் கொஞ்சம் கறுத்த மாதிரித் தெரிந்தது. அந்த இடத்தில் போர்ட் போனால் பூமணியின் நெல்லும் போகும், தெரிவு செய்த ஆளின் பேரும் வரும். காற்றை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் பிளக்ஸ் புகையைக் கவனித்தேன். நேற்று அது நேரே மேலே போனது. இன்று போர்டின் மேல் படுத்துக்கொண்டு விமலின் பக்கம் ஓடியது. தங்கராசா மாமாவைத் தாண்டி வருகிற மின்விசிறிக் காற்று என் மேசையைக் கழுவிக்கொண்டு போகிறது. நேசன் அண்ணனிடம் போய்க் காதோடு சொன்னேன். வந்த மனிதரை வேர்க்க விடுவதா, கொஞ்சம் சமாளி என்றார். சமாளிக்கிற விசயமாக இருந்தால் சமாளித்திருப்பேன். திரும்பி மேசைக்கு வந்து நின்றேன், பிறகு தங்கராசா மாமாவிடமே சொன்னேன்.

"மாமா, உங்களுக்கு அடிக்கிற காத்து உங்கட போர்டுக்கும் அடிக்குது."

அவர் எழும்பினார். மின்விசிறியின் பிளக்கைத் தானே கழற்றினார். கேட்காமலே போய்க் கடைக் கதவையும் சாத்தினார். நேசன் அண்ணனுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை, ஒரு காட்போட் மட்டையை எடுத்து அவருக்கு விசிறப் போனார், நான் பார்த்த பார்வையில் அதையும் கீழே வைத்தார். நால்வரும் சட்டை நனைய நின்றோம். புதிதாகப் பிளக்ஸ் போட்டு மறுபடி தொடங்கினேன். புகை நேரே எழும்பியது. கால்களின் ஓரத்தில் ஈயம் பளபளத்தது. சாவணத்தால் தொட்டேன், ஐசி நகர்ந்து கையோடு வந்தது. கீழே இருந்த செம்புத் தடங்கள் ஒன்றும் கிழியவில்லை. துப்புரவாக்கிப் புது ஐசியை வைத்து ஊதியபோது, அது தானாக ஒரு சின்ன அசைவு அசைந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இந்தத் தொழிலில் அதைவிட நல்ல காட்சி கிடையாது, உங்களுக்குத் தெரியும்.

சூடு ஆறுவதற்காகத் தங்கராசா மாமா குனிந்து வாயால் ஊதப் போனார், நான் கையை நீட்டி மறித்தேன். ஆறட்டும், தானாக ஆறட்டும். ஆறிய பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காகக் காட்டியது. வேலை செய்யுமா என்று கேட்டார். மெஷினில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். நேசன் அண்ணன் இருமினார். தங்கராசா மாமா போர்டைச் சாரத் துணியில் சுற்றிக்கொண்டு, நெற்றி வேர்வையை அதே துணியின் நுனியால் துடைத்தார்.

"முதலே சொல்லியிருந்தா நான் வெளியில நிண்டிருப்பன். வெட்டு மெஷினுக்குள்ள இதவிட வேர்க்கும் மனே."

பூமணி எடுத்த அழைப்பு

மத்தியானம்வரை ஒரு தகவலும் இல்லை. தங்கராசா மாமாவுக்கு நான் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வால்வுக்குப் போகிற வயரிலேயே கோளாறு இருந்து, போட்டவுடன் புது ஐசியும் எரிந்திருக்குமோ என்று ஒரு யோசனை. வயரைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தேன், பார்த்தாரோ தெரியாது. மேகம் இன்னும் தடித்தது. பின்னேரம் கடைப் போன் அடித்தது. எடுத்தால் ஒரு பெண்ணின் குரல், பின்னால் எஞ்சின் சத்தம். நான் பூமணி என்றார். போர்ட் செய்த பிள்ளை நீயா என்று கேட்டார். மெஷின் ஓடுகிறது, தூக்குகிறது, இறக்குகிறது என்றார். நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அவர் எடுத்தது நன்றி சொல்ல அல்ல. மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டு, பக்கத்து வட்டையிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறாராம். வெளியாள். இப்போதே வந்து வெட்டித் தர வேண்டும் என்று கெஞ்சுகிறாராம். தன் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறாராம். தங்கச்சியின் வயல் எங்கே போய்விடப் போகிறது என்று அவர் யோசிப்பது தனக்குத் தெரிகிறது என்றார். மெஷினை இன்றைக்கு அசைக்கக் கூடாது என்று நீ சொன்னால் கேட்பார், ஒருக்கா சொல் என்றார். பொய் சொல்லச் சொல்கிறாரோ என்று முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யே இல்லை. புதிதாக ஒட்டிய போர்டை, வேலை செய்கிறதா என்று கிட்ட வைத்துப் பார்க்காமல், மெஷினைக் கல்லுரோட்டில் குலுக்கிக்கொண்டு போக நான் எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்டிருந்தால் காலையிலேயே சொல்லியிருப்பேன்.

போனைத் தங்கராசா மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன். இன்று முழுக்க அந்த வயலிலேயே ஓட்டிப் பாருங்கள் மாமா, ஒன்றும் இல்லையென்றால் நாளைக்கு வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னேன். அந்தப் பக்கத்தில் அவர் சிரித்தார்.

"ரெண்டு பேரும் கதைச்சு வைச்சுத்தான் சொல்லுறீங்க எண்டு விளங்குது. சரி, வந்த ஆள் நாளைக்கு வரட்டும்."

பூமணியின் நெல் அன்றைக்கே மூட்டையில் ஏறிவிட்டது. மழை அதற்கு அடுத்த நாள் வந்தது, மோட்டார் சைக்கிள்காரரின் வயல் நனைந்ததா என்று நான் கேட்கத் துணியவில்லை. பிறகு ஒருநாள் ஆளில்லாத நேரத்தில், சூடு அளக்கிற வயரைக் கழிவுப் போர்டில் ஒட்டி, மின்விசிறியை நிறுத்தியும் போட்டும் சரிபார்த்தேன். விசிறி ஓடியபோது போர்டின் சூடு மளமளவென்று இறங்கியது, ஸ்டேசன் திரையில் இருந்த எண் மட்டும் அசையவே இல்லை, ஏனென்றால் அது காட்டுவது தன் வாயில் உள்ள சூட்டை. எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது என்று நாங்கள் கடைக்குள் அவ்வளவு சண்டை பிடித்தோமே, அந்த எண் எங்கள் போர்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவே இல்லை.